தரைப்பாயிலிருந்து ஓர் இரும்புக் கவசம்

1963 டிசம்பர் 21, சனிக்கிழமை மாலை. பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேற்றுக்கிரக நகரம் ஒன்றின் ஆளரவமற்ற நடைவழியில் பார்பரா என்ற பாத்திரம் சுவரோடு ஒண்டிக்கொண்டு அலறுகிறாள். அவளை நோக்கி ஏதோ நெருங்குகிறது. அது என்னவென்று காட்டவில்லை. அதன் கை மட்டும் அவளை நோக்கி நீள்கிறது. அத்தோடு அந்த வாரத்துப் பகுதி முடிந்தது. அடுத்த வாரம் பிரிட்டன் முழுமையாகப் பார்த்த அந்த உருவம்தான் டாலெக். அந்தக் கை, சிங்க்கில் அடைப்பு எடுக்கும் ரப்பர் பிளஞ்சர்!

டாலெக்கை வடிவமைத்த ரேமண்ட் குசிக், பி.பி.சி.யில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கையில் இருந்த பணம் சொற்பம். அதனால் வீட்டுச் சாமான்களைத் துழாவினார். திரைத்துறையில் இப்படித் துழாவியவர்கள் பலர். 1977-இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் ஒளிவாளின் பிடி, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஒருகாலத்தில் வைத்திருந்த கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடி. 1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஜெடாய் வீரர் பேசும் தொலைத்தொடர்புக் கருவியை, பெண்களுக்கான ஷேவிங் ரேசரின் கைப்பிடியை அச்செடுத்தே செய்தார்கள். திரையில் பார்த்தபோது யாருக்கும் ரேசர் நினைவுக்கு வரவில்லை.

அறிவியல் புனைகதைப் பித்தர்கள் தங்களுக்கான உடையைத் தாங்களே செய்துகொள்வது இன்னும் பழைய வழக்கம். 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியபோது, ஃபாரஸ்ட் அக்கர்மன், மர்ட்டில் டக்ளஸ் என்ற இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ். இன்று அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளில், கடையில் வாங்கிய மெல்லிய பாலியஸ்டர் உடைகளுக்கு நடுவே, அவரவர் வீட்டு கராஜில் உருவான அயர்ன் மேன்களும் ரோபோக்களும் தட்டுப்படுகிறார்கள். அந்தக் கவசங்களின் மூலப்பொருளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் விரிக்கும் ஃபோம் பாய், சாமான் வந்த அட்டைப்பெட்டி, பசைக்குச்சி, கொஞ்சம் பெயின்ட், நாணய அளவு பேட்டரி. இவ்வளவுதான். மீதி எல்லாம் வடிவியலும் வேதியியலும் ஒளியியலும்.

அந்த ஃபோம் பாயை முதலில் கையில் எடுப்போம். இரண்டடிக்கு இரண்டடி சதுரம், அரை அங்குலத் தடிமன், ஓரங்களில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்கள். தட்டையானது. நம் உடலிலோ தட்டையான இடமே கிடையாது. தோள் உருண்டை, தலை உருண்டை, மார்பு ஒரு பக்கம் குவிந்து இன்னொரு பக்கம் குழிகிறது. தட்டையான ஒன்றை உருண்டையான ஒன்றின்மேல் சுருக்கம் விழாமல் போர்த்த முடியுமா? கால்பந்தைச் செய்தித்தாளால் சுற்றிப் பாருங்கள். முடியாது. இது நம் கைத்திறன் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. 1827-இல் ஜெர்மன் கணித மேதை கார்ல் ஃபிரீட்ரிச் காஸ் இதை நிரூபித்தார். ஒரு தாளைக் கிழிக்காமல், இழுக்காமல் எப்படி வளைத்தாலும் அதன் ஒரு குறிப்பிட்ட வளைவு அளவு மாறவே மாறாது என்றது அவருடைய தேற்றம். தட்டைத் தாளுக்கு அந்த அளவு பூஜ்யம். உருளையாகச் சுருட்டினாலும், கடலைப் பொட்டலம் போலக் கூம்பாக மடித்தாலும் அது பூஜ்யமாகவே இருக்கும். கோளத்துக்கோ பூஜ்யமல்ல. தன் கண்டுபிடிப்பில் காஸுக்கே அவ்வளவு வியப்பு. அதற்கு 'வியத்தகு தேற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

வழி என்ன? கிழிக்க வேண்டியதுதான். வட்டத் தாளில் ஓர் ஆப்பை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒட்டினால் தாள் எழும்பிக் கூம்பாகிறது. தையற்காரர்கள் ரவிக்கையில் டார்ட் பிடிப்பது இதே வேலை. கவசம் செய்பவர் ஒரு பெரிய டார்ட்டுக்குப் பதில் பல சிறிய டார்ட்டுகள் போடுகிறார். உச்சிகள் பரவிப் பரவி, கூம்பு மெல்ல உருண்டையாகிறது.

எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு கனசதுரப் பெட்டியை எடுங்கள். அதன் ஒவ்வொரு மூலையிலும் மூன்று சதுரங்கள் சந்திக்கின்றன. மூன்று 90 பாகைகள், மொத்தம் 270. தட்டையாக இருந்திருந்தால் 360 வேண்டும். ஆக ஒரு மூலைக்கு 90 பாகை குறைகிறது. எட்டு மூலைகளுக்கும் சேர்த்து 720. இப்போது கால்பந்து. கறுப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும் சேர்த்துத் தைத்த அந்தப் பழைய வகைப் பந்தைத் தட்டை முகங்களாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஐங்கோணமும் இரண்டு அறுகோணங்களும் சந்திக்கின்றன. 108, 120, 120, மொத்தம் 348. குறைவது 12 பாகைதான். ஆனால் மூலைகள் 60. பெருக்கிப் பாருங்கள்: மறுபடியும் 720! முக்கோணங்களால் செய்தாலும், கோணல்மாணலாக ஒரு ரோபோ தலையைச் செய்தாலும், துளையில்லாத மூடிய பொருளுக்கு மொத்தக் குறைவு 720 பாகை. கூடாது, குறையாது. மேலே அரைக்கோளமும் கீழே நேரான சுவருமாக உள்ள தலைக்கவசத்துக்கு இதில் சரிபாதி, 360 பாகை.

இதை முதலில் கண்டவர் தத்துவஞானி தெகார்த். 1650-இல் அவர் சுவீடனில் இறந்தபின் அவருடைய காகிதங்கள் பாரிசுக்கு வந்த வழியில் படகு கவிழ்ந்து சேன் நதியில் மூழ்கின. எடுத்துக் காயவைத்தார்கள். பின்னர் 1676-இல் லைப்னிட்ஸ் அவற்றிலிருந்து கையால் எழுதி வைத்த பிரதியால்தான் இந்தக் கணக்கு நமக்கு மிஞ்சியது. கராஜில் உட்கார்ந்து மகளுக்கு அயர்ன் மேன் தலை வெட்டும் அப்பாவுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கத்தரிக்கோல் இந்த விதிக்குக் கட்டுப்பட்டே நகர்கிறது.

டார்ட்டுகளை எங்கே போடுவது என்று கண்டுபிடிக்கக் கணிதம்கூட வேண்டாம். ஓர் உத்தி போதும். அணியப்போகிறவரின் தோளிலோ மார்பிலோ சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றுகிறார்கள். அதன்மேல் காகித டேப்பை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். டேப்பின்மேல் கவசத்தின் கோடுகளைப் பேனாவால் வரைந்து, அந்தக் கோடுகளின் வழியே கவனமாக வெட்டி உரித்தால், அந்த உடலின் மேடுபள்ளங்கள் முழுவதும் தட்டைத் துண்டுகளாகக் கையில் வந்துவிடும். படியாமல் தூக்கும் இடத்தில் ஒரு வெட்டு போட்டால் அது தானாக விரிந்து படிகிறது. விரிந்த இடைவெளிதான் டார்ட். கணினி கைவசம் உள்ளவர்களுக்கு ஜப்பானில் உருவான 'பெபகுரா' என்ற மென்பொருள் உண்டு. முப்பரிமாண உருவத்தைக் கொடுத்தால் அதைக் காகிதத் துண்டுகளாக விரித்து, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று எண் போட்டுத் தருகிறது.

வெட்டிய துண்டுகள் இன்னும் தட்டைதான். இங்கே வேதியியல் உள்ளே வருகிறது. ஃபோம் பாயின் பொருள் எத்திலீன் வைனைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சங்கிலியின் எத்திலீன் பகுதிகள் ஆங்காங்கே ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நுண்ணிய படிகங்களாக இறுகுகின்றன; இடையில் செருகிய வைனைல் அசிட்டேட் அந்த அடுக்கைக் குலைக்கிறது. குலைக்கக் குலைக்கப் பொருள் மென்மையாகிறது, ஒட்டும் தன்மையும் கூடுகிறது. இந்த ஒரே குமிழைத் திருகி எத்தனை பொருள்கள் செய்கிறார்கள் தெரியுமா? ஓட்டக் காலணியின் மெத்தென்ற நடுஅடி ஈ.வி.ஏ. சூரியத் தகட்டில் கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் இடையே இருக்கும் ஒளிபுகும் படலம் ஈ.வி.ஏ. கவசத்தை ஒட்டப் பயன்படும் 'ஹாட் க்ளூ' பசைக்குச்சி, அதுவும் பெரும்பாலும் ஈ.வி.ஏ.தான். கவசமும் அதை ஒட்டும் பசையும் ஒரே குடும்பம்.

பாய்த் துண்டின்மேல் ஹீட் கன்னால், அதாவது சுடுகாற்றை ஊதும் கைக்கருவியால், சூடு காட்டினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தை எட்டும் முன்பே உள்ளே இருக்கும் படிகங்கள் உருகுகின்றன. ஆனால் பொருள் உருகி ஓடுவதில்லை. தொழிற்சாலையிலேயே சங்கிலிகளுக்கு நடுவே நிரந்தர முடிச்சுகள் போட்டிருக்கிறார்கள். இதற்குக் குறுக்கு இணைப்பு என்று பெயர். முடிச்சு வலை பிடித்துக்கொள்ள, படிகம் தளர, ஃபோம் துணிபோலத் துவள்கிறது. முழங்காலில் வைத்து வளைத்து, சூடு ஆறும்வரை பிடித்திருந்தால் புதிய படிகங்கள் புதிய வடிவத்தில் உறைந்துவிடும். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் காஸ் அனுமதிக்காத உருண்டைகூட ஓரளவு கைகூடும். இழுக்கக் கூடாது என்பதுதானே அவருடைய நிபந்தனை! மறுபடி நன்றாகச் சூடாக்கினால் பழைய தட்டை வடிவத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கவசத்தைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது.

சூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கத்தியால் ஃபோமின்மேல் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீறிச் சூடு காட்டினால், கோடு வாய் பிளந்து, இரண்டு உலோகத் தகடுகள் சேரும் இடைவெளியைப்போல ஆகிவிடுகிறது. ஒரே துண்டு பத்துத் தகடுகளாகத் தெரியும். மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்திருந்த நுண்குமிழ்களும் சூட்டில் மூடிக்கொள்ள, பெயின்ட் உறிஞ்சாத வழவழப்பு வருகிறது.

ஓரங்களை இணைக்க, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசைக்கு நிகரானது இல்லை. அதில் கரைந்திருப்பது நியோப்ரீன் வகை ரப்பர், 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. ஈரமாக இருக்கும்போது ஒட்டக் கூடாது என்பதுதான் இதன் விசித்திரம். இரண்டு ஓரத்திலும் தடவி, தொட்டால் கையில் வராத அளவுக்குக் காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்த நொடியில் இரு பக்கத்து ரப்பர்ச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கரைப்பானின் ஆவி மூளைக்கு ஆகாது. கதவு, ஜன்னல் திறந்த இடத்தில், குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை இது.

ஃபோம் பாயும் வாங்க முடியாதவர்களுக்கு அட்டைப்பெட்டி இருக்கிறது, இலவசமாக. அதைச் சும்மா குப்பை என்று நினைக்க வேண்டாம். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள். நடுத்தாள் எடையைத் தாங்குவதைவிட, இரண்டு தாள்களையும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் விலக்கி நிறுத்துவதே அதன் முக்கிய வேலை. விலகல் இரட்டித்தால் வளையாத விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அலை ஓடும் திசையில் மடிக்க எளிது, குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். ஒரு பக்கத்துத் தாளை ஈரப்படுத்தி உரித்துவிட்டால் அட்டை அழகாகச் சுருண்டு குழாயாகிறது; டாலெக்கின் கழுத்தும் ரோபோவின் கையும் அப்படித்தான் பிறக்கின்றன. அலைத்தாளுக்கு 1856-இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காப்புரிமை வாங்கியது பெட்டிக்காக அல்ல, கனவான்கள் அணிந்த உயரமான தொப்பிகளின் உள்வரிக்காக. தலையில் ஏறுவது அட்டைக்குப் புதிதல்ல.

இனி, இந்த ரப்பரும் காகிதமும் இரும்பாக வேண்டும். சாம்பல் நிறம் அடித்தால் சாம்பல் நிற ஃபோம்தான் கிடைக்கும். உலோகத்துக்கு நிறத்தைவிட நடத்தைதான் அடையாளம். அது சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கிறது. பளீரென்ற வெளிச்சமும் கன்னங்கரிய இருட்டும் ஒன்றையொட்டி ஒன்று அதில் தெரிகின்றன. தலையை அசைத்தால் அந்த வெளிச்சம் இடம் மாறுகிறது. வெள்ளி பெயின்டில் அலுமினியத்தின் நுண்செதில்கள் மிதக்கின்றன. பெயின்ட் உலரும்போது அவை மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துக்கொண்டு ஒரே திசையில் ஒளியை எறிகின்றன. அதனால் தோளைத் திருப்பினால் பளபளப்பும் திரும்புகிறது.

முதலில் மரவேலைக்கான வெள்ளைப் பசையை நீர்க்கக் கரைத்து சில பூச்சு, பின்பு முழுக்கக் கறுப்பு, அதன்மேல் வெள்ளி அல்லது செம்பொன். கடைசியில் செய்யும் காரியம்தான் மந்திரம். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளை மட்டும் வெள்ளியால் உரசுகிறார்கள். பள்ளங்களில் நீர்த்த கறுப்பு இறங்குகிறது. பெயின்ட் உரிந்து இரும்பு தெரியும் இடமும் அழுக்கு சேரும் இடமும் எவை என்று நம் கண்ணுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவம் எதிர்பார்ப்பதையே கண்ணுக்குக் காட்டுகிறார்கள். புத்தம் புதிதாகப் பளபளக்கும் கவசத்தைவிட அடிபட்டதுபோலத் தோன்றும் கவசத்தைக் கண் சீக்கிரம் நம்புகிறது. ஒரே எச்சரிக்கை: ஃபோமுக்குப் பதில் தெர்மோகோலில் உருவம் செதுக்கியிருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் நேரடியாகப் படக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும்.

அயர்ன் மேனின் மார்பில் எரியும் நீலவெள்ளை வட்டத்துக்கு வருவோம். அமெரிக்க டாலர் கடைகளில், அலமாரிக்குள் ஒட்டித் தட்டினால் எரியும் எல்.இ.டி. விளக்கு கிடைக்கும், பலர் அதையே பதித்துவிடுகிறார்கள். இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் ஓர் எல்.இ.டி.யும் சி.ஆர். 2032 என்ற நாணய அளவு பேட்டரியும் போதும். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. கொடுப்பது 3 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு வேண்டியதும் ஏறத்தாழ 3 வோல்ட். வழக்கமாக எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையம் ஒன்று வேண்டும். இந்தச் சிறு பேட்டரியின் உள்தடையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எல்.இ.டி.யின் இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகினால் ஒளி! இவ்வளவு சுலபமான இந்த வெள்ளை ஒளியின் கருவில் இருப்பது நீல எல்.இ.டி. அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தைப் பெறப் பல்லாண்டு போராடிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த பேட்டரியைச் சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்தில் புண்ணாகிவிடும். டேப்பால் இறுக மூடி, கைக்கு எட்டாத உள்பக்கத்தில் வைப்பது கட்டாயம்.

பேட்டரியே இல்லாமலும் ஒளிரலாம். சாலைத் தொழிலாளர்களின் மேலங்கியில் இருக்கும் மீள்பிரதிபலிப்பு நாடாவில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு மணியும் தன்மேல் விழும் ஒளியை வளைத்து, பின்சுவரில் மோதவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. முதல் 'ஸ்டார் வார்ஸ்' படப்பிடிப்பில் ஒளிவாளின் அலகு, இப்படிப்பட்ட பொருள் சுற்றிச் சுழலும் கழி. கேமராவுக்குப் பக்கத்திலிருந்து விளக்கடித்தார்கள். கவசத்தின் கோடுகளில் இந்த நாடாவை ஒட்டினால் ஃப்ளாஷ் புகைப்படத்தில் உடை எரிவதுபோல் தெரியும். அதைவிட முக்கியம், இருட்டில் தெருவைக் கடக்கும் குழந்தையின்மேல் காரின் முகவிளக்கு பட்டால் அந்த ஒளி நேரே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புகிறது. ஒரு வேஷத்தில் அழகும் காப்பும் ஒரே நாடாவில் அமைவது எனக்கு மிகுந்த நிறைவைத் தரும் ஏற்பாடு.

கவசம் ஆயிற்று. உள்ளே ஆள் இருக்கிறாரே! சும்மா உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது; நடந்தால் இன்னும் அதிகம். ஃபோமின் மூடிய குமிழ்களோ வெப்பத்தை விடுவதில்லை. தலைக்கவசத்துக்குள் கணினியிலிருந்து எடுத்த சிறு விசிறியைப் பொருத்திப் பவர் பேங்க்கில் ஓட்டுகிறார்கள். கண்மறைப்பில் மூச்சு படிந்து மங்குவதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரைத் தடவித் துடைத்தால் போதும். நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, ஒளியைச் சிதறடிக்கும் துளிகளுக்குப் பதில் ஒரே படலமாகப் படிகிறது.

கடைசிச் சிக்கல் மூட்டு. விறைப்பான தகடுகளுக்குள் முழங்கை மடிய வேண்டும். இதற்கு விடை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்கு 1520-இல் கிரீனிச்சில் செய்த போர்க்கவசம் ஒன்று உடலில் இடைவெளியே விடாமல் மூடக்கூடியது. குறுகிய தகடுகள் ஒன்றின் அடியில் ஒன்று சறுக்கி மூட்டு மடியும். 1960-களில் விண்வெளி உடையை வடிவமைக்கும் வேலையில் நாசா இந்தக் கவசத்தின் மூட்டுகளையும் ஆராய்ந்தது. கராஜ் தச்சர்கள் அதே தகடுகளை ஃபோமில் வெட்டி, தோல் வாருக்குப் பதில் உள்பக்கம் எலாஸ்டிக் நாடாவை ஒட்டுகிறார்கள். கை மடங்கும்போது நாடா நீள்கிறது, நிமிரும்போது தகடுகளைத் திரும்ப அடுக்குகிறது. பிறகு ஒத்திகை. அமெரிக்க வீடுகளின் வாசலில் பெரும்பாலும் படி இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் படியேறி, மணியடித்து, மிட்டாய்ப் பையை நீட்ட வேண்டும். தொடைத் தகடு படியில் முட்டினால் இரண்டு விரற்கடை வெட்டி எடுக்கிறார்கள். கையைத் தூக்கும்போது தோள் தகடு கன்னத்தில் இடித்தால் நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஒட்டுகிறார்கள், பையை நீட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.